நாணயத்தை அளப்போர்

தமிழில் 'நாணயம்' என்ற சொல் இரண்டு பொருள்களைச் சுமக்கிறது. கையில் புழங்கும் காசும் நாணயம். வாங்கிய கடனைச் சொன்ன தவணையில் திருப்பித் தரும் ஒழுக்கமும் நாணயம். ஒருவரை 'நாணயமான ஆள்' என்று சொல்லும்போது அவரிடம் எவ்வளவு காசு இருக்கிறது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அவருடைய சொல்லுக்கு என்ன மதிப்பு என்றே பார்க்கிறோம். ஆங்கிலத்தில் கடனைக் குறிக்கும் 'கிரெடிட்' என்ற சொல்லும் நம்புதல் என்னும் பொருளுடைய லத்தீன் வேரிலிருந்து வந்ததுதான். கடன் எங்கும் முதலில் நம்பிக்கையாகவும், பிறகே எண்ணாகவும் இருந்திருக்கிறது.

அந்த நம்பிக்கையை எழுத்துக் குறிகளாக்கி, தேசங்களுக்குத் தரம் பிரிக்கும் தொழிலைப் பற்றியது இக்கட்டுரை. ஸ்டாண்டர்ட் அண்ட் புவர்ஸ், மூடிஸ், ஃபிட்ச் என்னும் மூன்று நிறுவனங்கள் ஒரு நாட்டின் பெயருக்கு நேராக 'ஏஏஏ' என்றோ 'பிபிபி மைனஸ்' என்றோ எழுதுகின்றன. அந்த எழுத்தைப் பார்த்து உலகின் வங்கிகளும் ஓய்வூதிய நிதிகளும் அந்நாட்டுக்குக் கடன் கொடுப்பதா, என்ன வட்டிக்குக் கொடுப்பது என்று முடிவு செய்கின்றன. இந்த எழுத்து எங்கே பிறந்தது? எதை அளக்கிறது? எதை அளக்க இயலாமல் நிற்கிறது? நமக்கு அருகே நடந்த இரண்டு நிகழ்வுகளை முன்வைத்து இக்கேள்விகளை அணுகலாம். ஒன்று, 1991இல் இந்தியா. மற்றொன்று, 2022இல் இலங்கை.

இது பொருளியலாளரின் களமல்லவா, இலக்கிய வாசகருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். ஒரு மனிதர் சொன்ன சொல்லைக் காப்பாரா என்று கணிப்பது குணச்சித்திரம் எழுதும் வேலை. கதை வாசிப்பவர்கள் நாளும் செய்வது அதையே. ஆகவே இக்களத்தில் நமக்கும் ஒரு மூலை உண்டு.

*

திருவண்ணாமலை மாவட்டத்தில், செய்யாற்றின் கரையில் அமைந்த ஊர் கலசப்பாக்கம். ரத சப்தமி நாளில் திருவண்ணாமலை அருணாசலேஸ்வரர் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் ஊர் என்று பக்தர்கள் இதனை அறிவார்கள். ஆரணிப் பட்டு என்ற பெயரில் விற்கும் சேலைகள் தறியேறும் வட்டாரம் என்று வணிகர்கள் அறிவார்கள். இத்தொழிலில் சரக்கைப் போலவே நம்பிக்கையும் கைமாறிக்கொண்டிருக்கிறது. முதலாளி பாவும் ஊடைநூலும் ஜரிகையும் கொடுத்து அனுப்புகிறார். நெசவாளர் வீட்டுத் தறியில் நெய்து, சேலையைக் கொண்டுவந்து கொடுத்துக் கூலி வாங்கிச் செல்கிறார். இடையில் கல்யாணம், காதுகுத்து, மருத்துவச் செலவு என்று முன்பணம் கேட்பதும் உண்டு. அது அடுத்தடுத்த சேலைகளின் கூலியில் கழியும்.

முன்பணம் கொடுப்பவர் மனத்துக்குள் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்வார். வீட்டில் எத்தனை தறி, எத்தனை கை? மாதத்துக்கு எத்தனை சேலை இறங்கும்? வேறு எங்கெங்கே கடன் இருக்கிறது? வியாபாரம் மந்தமான மாதங்களைத் தாங்க ஏதேனும் கையிருப்பு உண்டா? கடைசியாக, இவர் தருவாரா? முதல் நான்கு கேள்விகள் திறனைப் பற்றியவை. ஐந்தாவது மனத்தைப் பற்றியது. தேசங்களை மதிப்பிடுவோரின் தடித்த அறிக்கைகளிலும் இந்த ஐந்து கேள்விகளே உள்ளன என்றால் மிகையில்லை. வேறுபாடு ஒன்றுதான். சிற்றூரில் கேட்பவருக்கு ஐந்தாம் கேள்வியின் பதில் பெரும்பாலும் முன்பே தெரிந்திருக்கும். ஒரே தெரு, ஒரே தேர்த்திருவிழா, இரண்டு தலைமுறைப் பழக்கம்.

கடல் குறுக்கிட்ட பின்னும் இந்த அறிமுகத்தைக் காப்பாற்றிக்கொண்ட சமூகங்கள் உண்டு. பர்மாவில் வட்டித்தொழில் நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார், ரங்கூனில் தம் கோயிலில் மாதந்தோறும் கூடி, தமக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கலுக்கான 'நடப்பு வட்டி'யை முடிவு செய்தார்கள். அவர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்த கடனுக்குப் பின்னே கோயிலும் குலமும் குடும்பமும் பிணையாக நின்றன. அங்கே ஒருவரின் தரத்தைக் குறிக்க எழுத்து எதுவும் தேவைப்படவில்லை. முகம் தெரியாதவருக்குக் கடன் கொடுக்க நேரும்போதுதான் எழுத்து தேவையாகிறது.

*

அந்தத் தேவையைத் தொழிலாக மாற்றியவரும் ஒரு பட்டு வணிகர் என்பது வரலாற்றின் சுவையான தற்செயல்களுள் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நியூயார்க்கில் ஆர்தர் டாப்பன், லூயிஸ் டாப்பன் என்னும் சகோதரர்கள் பட்டுத்துணிகளை இறக்குமதி செய்து மொத்த வணிகம் நடத்தினார்கள். அடிமை முறைக்கு எதிரான இயக்கத்தில் முன்னணியில் நின்றவர்கள் அவர்கள். 1837இல் அமெரிக்காவைத் தாக்கிய நிதிப் பீதியில், கடனுக்குச் சரக்கெடுத்த கடைக்காரர்கள் பணம் கட்ட முடியாமல் போக, அவர்களுடைய நிறுவனமும் நொடித்தது. தூரத்து ஊர்க் கடைக்காரரின் நாணயத்தைப் பற்றிய செய்திக்குச் சந்தையில் விலை உண்டு என்று லூயிஸ் டாப்பன் அந்த அடியிலிருந்து கற்றுக்கொண்டார். 1841இல் 'மெர்கன்டைல் ஏஜென்சி' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்.

ஊர்தோறும் அவருக்குத் தகவல் எழுதி அனுப்புவோர் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வழக்கறிஞர்கள். இன்னாருக்குச் சொத்து எவ்வளவு, உழைப்பாளியா, குடிப்பழக்கம் உண்டா, குடும்பம் எப்படி, முன்பு எங்கேனும் நொடித்தவரா என்பவற்றையெல்லாம் சுருக்கமான வரிகளில் எழுதினார்கள். நியூயார்க் அலுவலகத்தில் அவை பேரேடுகளில் கையால் படியெடுக்கப்பட்டன. ஆபிரகாம் லிங்கனும் வழக்கறிஞராக இருந்த நாளில் இந்நிறுவனத்துக்குத் தகவல் எழுதியவர்களுள் ஒருவராகக் குறிப்பிடப்படுகிறார். அப்பேரேடுகள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொகுதிகளாக ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பேக்கர் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. ஒரு நாட்டின் சிறு வணிகர்களைப் பற்றிய இத்தனை பெரிய குணச்சித்திரத் தொகுப்பை எந்த நாவலாசிரியரும் எழுதியதில்லை. எழுதப்பட்டவர்களில் பலருக்குத் தம்மைப் பற்றி இப்படி ஒரு வரி எங்கோ எழுதப்பட்டிருப்பது தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை.

இந்நிறுவனமே பின்னர் ஆர்.ஜி. டன் நிறுவனமாகி, 1933இல் போட்டியாளரான பிராட்ஸ்ட்ரீட்டுடன் இணைந்தது. இதற்கிடையே 1909இல் ஜான் மூடி என்பவர் ரயில் நிறுவனங்களின் கடன் பத்திரங்களை ஆராய்ந்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்துக் குறியைத் தந்து நூலாக வெளியிட்டார். அவருடைய முந்தைய தொழில் 1907ஆம் ஆண்டின் நிதிப் பீதியில் கவிழ்ந்திருந்தது. டாப்பனைப் போலவே இவரும் பீதியில் அடிபட்டு எழுந்தவர். 1962இல் டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் மூடிஸை வாங்கியது. 2000ஆம் ஆண்டில் அது மீண்டும் தனி நிறுவனமாயிற்று. ஆகவே பட்டுக் கடையின் பேரேட்டையும் இன்றைய தேசங்களின் தரப் பட்டியலையும் ஒரே குடும்ப மரத்தில் வைத்துப் பார்க்கலாம்.

இந்த வழித்தடத்தில் ஒரு மாற்றம் கவனிக்கத்தக்கது. டாப்பனின் பேரேட்டில் ஒரு மனிதரைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. மூடியின் நூலில் அந்தப் பத்தி ஓர் எழுத்தாகச் சுருங்கியது. பத்தியை வாசித்தவர் அதனோடு மனத்துக்குள் வாதிட முடியும். எழுத்தைக் கண்டவரோ அதனை ஏற்றுக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார். வசதியும் ஆபத்தும் அங்கேயே சேர்ந்து பிறந்தன.

*

தனிமனிதர் கடனைத் தராவிட்டால் வழக்கு, ஜப்தி, ஏலம் என்று வழிகள் உண்டு. ஒரு தேசம் தராவிட்டால் என்ன செய்வது? பத்தொன்பதாம் நூற்றாண்டு அதற்குப் போர்க்கப்பல்களை வைத்திருந்தது. 1902இன் இறுதியில் வெனிசுவேலாவின் துறைமுகங்களைப் பிரிட்டனும் ஜெர்மனியும் இத்தாலியும் முற்றுகையிட்டதற்குக் கடன் பாக்கி ஒரு காரணம். கப்பல் அனுப்பும் வழக்கம் ஓய்ந்த பின், தேசத்தின் கடனுக்கு ஈடாக மிஞ்சியது அதன் பெயர்தான். எனவே பெயரை அளப்பவருக்கு மதிப்பு கூடியது.

முதல் உலகப் போர்க் காலத்திலேயே மூடிஸ் அயல்நாட்டு அரசுகளின் பத்திரங்களை மதிப்பிடத் தொடங்கிவிட்டது. 1929இல் ஏறத்தாழ ஐம்பது அரசுகள் அதன் பட்டியலில் இருந்தன. அடுத்து வந்த பெருமந்தத்தில் லத்தீன் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அரசுகள் அடுத்தடுத்துக் கடன் தவறின. நல்ல தரம் பெற்றிருந்தவையும் அவற்றுள் இருந்தன. அதன்பின் பல பத்தாண்டுகள் இத்தொழில் உறங்கிக் கிடந்தது. 1982 ஆகஸ்டில் மெக்சிகோ கடன் கட்ட இயலாது என்று அறிவித்து, வங்கிகள் ஏழை நாடுகளுக்கு நேரடியாகக் கொடுத்த கடன்கள் வாராக்கடனான பிறகு, அரசுகள் மீண்டும் பத்திரச் சந்தைக்கு வந்தன. எழுத்துகளும் திரும்பி வந்தன.

இன்று இது எவ்வாறு நடக்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். ஸ்டாண்டர்ட் அண்ட் புவர்ஸ் ஒரு நாட்டை ஐந்து தலைப்புகளில் அளக்கிறது: ஆட்சி அமைப்புகளின் உறுதி, பொருளாதார வளம், வெளிநாட்டுக் கொடுக்கல் வாங்கல், அரசின் வரவு செலவும் கடனும், நாணயக் கொள்கை. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6 வரை மதிப்பெண். ஒன்று என்பது மிக நல்லது. மூடிஸ் பொருளாதார வலிமை, ஆட்சி அமைப்பு, நிதி வலிமை, திடீர் அதிர்ச்சிகளுக்கு இலக்காகும் வாய்ப்பு என நான்காகப் பிரிக்கிறது. ஃபிட்ச் 18 மாறிகளைக் கொண்ட ஒரு புள்ளியியல் சூத்திரத்தில் தொடங்கி, அதன் விடையை ஆய்வாளர்களின் கருத்துக்கேற்ப மூன்று படிகள் வரை ஏற்றவோ இறக்கவோ இடம் தருகிறது. எந்த நிறுவனமாயினும் இறுதியில் ஒரு குழு கூடி வாக்களித்தே எழுத்தை முடிவு செய்யும். 'பிபிபி மைனஸ்', மூடிஸ் கணக்கில் 'பிஏஏ3', முதலீட்டுத் தரத்தின் கடைசிப் படி. அதற்குக் கீழே உள்ளவற்றைச் சந்தை 'குப்பை' என்றே அழைக்கிறது. தம் விதிகளின்படி குப்பைத் தரத்தைத் தொடக்கூடாத நிதியங்கள் ஏராளம். ஆகவே பட்டியலில் அடுத்தடுத்துள்ள இந்த இரு படிகளுக்கிடையே நடைமுறையில் ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது.

இந்தக் கணக்கில் இரண்டு செய்திகள் நம் கவனத்துக்குரியவை. ஒன்று, எந்தக் காசில் வாங்கிய கடன் என்பது. சொந்தக் காசில் வாங்கிய கடனை ஓர் அரசு எப்படியும் கட்டிவிட முடியும். விலைவாசி உயரலாம், அவ்வளவே. டாலரில் வாங்கிய கடனுக்கு டாலரைச் சம்பாதித்தே ஆகவேண்டும். இரண்டு, ஆட்சியின் தரம் என்னும் தலைப்பு. அது பெரிதும் உலக வங்கி தொகுக்கும் ஆளுகைக் குறியீடுகள் போன்ற கருத்துக்கணிப்புச் சார்ந்த அளவைகளை நம்பியிருக்கிறது. நெசவாளரைப் பற்றிய ஐந்தாம் கேள்வி, 'இவர் தருவாரா' என்பது, இங்கே இந்த வேடத்தில் வருகிறது.

*

இந்தியாவுக்கு மூடிஸ் 1988இல் தந்த முதல் தரம் 'ஏ2'. இன்று நினைத்துப் பார்க்க வியப்பளிக்கும் உயரம் அது. ஆனால் அந்த ஆண்டுகளிலேயே உள்ளே அரிப்பு தொடங்கியிருந்தது. மைய அரசின் நிதிப் பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 8 விழுக்காட்டைத் தொட்டது. வெளிநாட்டு வணிகக் கடன்களும், வெளிநாடுவாழ் இந்தியர்களின் வைப்புத்தொகைகளும், குறுகிய காலக் கடன்களும் பெருகின. 1991 மார்ச் முடிவில் வெளிக்கடன் 8,380 கோடி டாலர்.

1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது. எண்ணெய் விலை ஏறியது; வளைகுடாவிலிருந்து வந்துகொண்டிருந்த பணம் தடைப்பட்டது. தில்லியில் அரசுகள் கவிழ்ந்தன. வி.பி. சிங் அரசு நவம்பரில் வீழ்ந்தது. அடுத்து வந்த சந்திரசேகர் 1991 மார்ச்சில் பதவி விலகினார். அவ்வாண்டு முழுமையான பட்ஜெட் உரிய காலத்தில் தாக்கலாகவில்லை. தரம் படிப்படியாகச் சரிந்தது. 1990 அக்டோபரில் மூடிஸ் ஒரு முறை இறக்கியது; 1991 மார்ச்சில் முதலீட்டுத் தரத்தின் கடைசிப் படிக்கு. மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அம்மாத இறுதியில் ஸ்டாண்டர்ட் அண்ட் புவர்ஸ் இந்தியாவை முதலீட்டுத் தரத்துக்குக் கீழே தள்ளியது. ஜூனில் மூடிஸும் அதையே செய்தது.

எழுத்து இறங்க இறங்க, கதவுகள் மூடிக்கொண்டன. வணிக வங்கிகள் புதிய கடன் தர மறுத்தன. குறுகிய காலக் கடன்களைப் புதுப்பிக்கத் தயங்கின. வெளிநாடுவாழ் இந்தியர்களின் வைப்புகள் 1991 ஏப்ரல் முதல் ஜூன் வரை மாதந்தோறும் ஏறத்தாழ முப்பது கோடி டாலர் அளவுக்கு வெளியேறின. அந்நியச் செலாவணிக் கையிருப்பு இரண்டு மூன்று வார இறக்குமதிக்கே போதுமானதாகச் சுருங்கியது. இங்கே மதிப்பீட்டின் ஒரு விசித்திரம் புலப்படுகிறது. வெப்பமானி உடலின் சூட்டைக் கூட்டுவதில்லை. ஆனால் தர எழுத்து, தான் அளக்கும் நோயைத் தானே வளர்க்க வல்லது. 'இவருக்குக் கடன் கிடைப்பது கடினம்' என்ற கணிப்பு வெளியான கணத்திலேயே அது உண்மையாகத் தொடங்கிவிடுகிறது.

பிறகு நடந்ததை எந்த நெசவாளர் குடும்பத்துக்கும் விளக்கவேண்டியதில்லை. வீட்டில் மிஞ்சியது நகை. அது அடகுக் கடைக்குப் போயிற்று. 1991 மே மாதம், கடத்தல்காரர்களிடமிருந்து பறிமுதலான 20 டன் தங்கம் ஸ்டேட் பேங்க் வழியாக ஒரு சுவிட்சர்லாந்து வங்கிக்கு, திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமையோடு விற்கப்பட்டது. ஜூலையில் ரிசர்வ் வங்கியின் சொந்தத் தங்கத்திலிருந்து ஏறத்தாழ 47 டன் விமானமேறி இங்கிலாந்து வங்கிக்குப் போனது. அதன்மேல் கிடைத்த கடன் 40.5 கோடி டாலர். அப்போது ரிசர்வ் வங்கியின் ஆளுநராக இருந்த எஸ். வெங்கிடரமணன் நாகர்கோவிலில் பிறந்தவர். துணை ஆளுநர் சி. ரங்கராஜன் அரியலூர்க்காரர். தங்கம் நாட்டைவிட்டுப் போகிறது என்ற செய்தி கசிந்தபோது எழுந்த கொந்தளிப்பை அக்கால நாளிதழ் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். குடும்பத்தின் தாலியை அடகு வைத்துவிட்டார்கள் என்ற உவமை அரசியல் மேடைகளிலும் டீக்கடைகளிலும் புழங்கியது.

ஜூன் 21 அன்று பி.வி. நரசிம்ம ராவ் பிரதமரானார். மன்மோகன் சிங் நிதியமைச்சர். ஜூலை 1, 3 ஆகிய நாள்களில் இரண்டு தவணைகளாக ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. ஏறத்தாழ 21 ரூபாயாக இருந்த டாலர் 26 ரூபாயை நெருங்கியது. பின்னர் வந்த தாராளமயமாக்கத்தின் கதை அனைவரும் அறிந்ததே. ரூபாய் இறங்கினால் இறக்குமதிப் பொருள் ஏறும் என்பது பாடநூல் வரி. ஆனால் இறக்குமதியாகும் கச்சாப் பட்டையும், தங்கம் வெள்ளி விலையோடு கட்டுண்ட ஜரிகையையும் நம்பும் தொழிலுக்கு அது வெறும் பாடநூல் வரியாக நின்றுவிடுவதில்லை. நியூயார்க்கில் ஒரு குழு மாற்றிய எழுத்துக்கும் செய்யாற்றங்கரைத் தறிக்கும் இடையே பல கண்ணிகள் உண்டு. அவற்றுள் எதுவும் அறுந்ததல்ல.

இவ்வளவுக்கும் இடையே இந்தியா ஒரு தவணையையும் தவறவில்லை. அடகு வைத்த தங்கம் அவ்வாண்டு முடிவதற்குள் மீட்கப்பட்டது. திறன் குறித்த நான்கு கேள்விகளில் மதிப்பீட்டாளர்கள் சொன்னது சரியே. பற்றாக்குறை உண்மை, கையிருப்பின் வறட்சி உண்மை, அரசியல் நிலையின்மை உண்மை. ஆனால் ஐந்தாம் கேள்விக்கு விடை தங்கத்தை ஏற்றிய விமானத்தில் இருந்தது. அந்த விடைக்குத் தரப் பட்டியலில் இடமில்லை.

*

ஐந்தாம் கேள்விக்கு மற்றொரு விடை 1998இல் கிடைத்தது. அவ்வாண்டு மே மாதம் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை; பொருளாதாரத் தடைகள்; ஜூனில் மூடிஸ் இந்தியாவை மீண்டும் குப்பைத் தரத்துக்கு இறக்கியது. இரண்டே மாதங்களில் ஸ்டேட் பேங்க் வெளிநாடுவாழ் இந்தியர்களிடம் 'ரிசர்ஜென்ட் இந்தியா' பத்திரங்களை விற்று 420 கோடி டாலர் திரட்டியது. எழுத்தைப் பார்த்தவர்கள் ஒதுங்கிய இடத்தில், முகம் தெரிந்தவர்கள் கொடுத்தார்கள். அதற்காக உறவின் மேன்மையை மட்டும் புகழ்ந்து நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. பத்திரங்களுக்கு வட்டி நன்றாகவே இருந்தது. 1991இல் வைப்புகளை எடுத்துக்கொண்டு போனவர்களும் இதே வெளிநாடுவாழ் இந்தியர்களே. நம்பிக்கை என்பது ஊர்க்காரரிடமும் விலை கேட்டே வருகிறது.

முதலீட்டுத் தரத்தை மூடிஸ் 2004இலும், ஃபிட்ச் 2006இலும், ஸ்டாண்டர்ட் அண்ட் புவர்ஸ் 2007 ஜனவரியிலும் திருப்பித் தந்தன. அதன்பின் ஸ்டாண்டர்ட் அண்ட் புவர்ஸ் அந்தக் கடைசிப் படியிலேயே இந்தியாவைப் பதினெட்டு ஆண்டுகள் நிறுத்தி வைத்தது. 2016-17ஆம் ஆண்டின் பொருளாதார ஆய்வறிக்கையில் அரவிந்த் சுப்பிரமணியன், சீனாவுக்கு ஓர் அளவுகோல், இந்தியாவுக்கு வேறோர் அளவுகோல் என்று வெளிப்படையாகவே குற்றஞ்சாட்டினார். சீனாவின் கடன் வேகமாகப் பெருகிய காலத்தில் அதன் தரம் 2010இல் உயர்த்தப்பட்டதை அவர் சான்றாகக் காட்டினார். 2020-21ஆம் ஆண்டின் அறிக்கை ஒரு முழு அத்தியாயத்தையே இதற்கு ஒதுக்கி, கடன் தவறியதே இல்லாத நாட்டின் கட்டும் மனத்தைப் பற்றி ஐயமே கூடாது என்று வாதிட்டது. அச்சமற்ற மனத்தைப் பற்றிய தாகூரின் புகழ்பெற்ற கவிதையையும் துணைக்கழைத்தது. பொருளாதார ஆய்வறிக்கை கவிதையை நாடியது, அது பேச விரும்பியது எண்ணைப் பற்றி மட்டுமன்று, மானத்தைப் பற்றியும்தான் என்பதைக் காட்டுகிறது. 2025 ஆகஸ்ட் 14 அன்று ஸ்டாண்டர்ட் அண்ட் புவர்ஸ் இந்தியாவை ஒரு படி உயர்த்தி 'பிபிபி' ஆக்கியது.

மதிப்பீட்டாளர்கள் தரப்பையும் சொல்லவேண்டும். இந்தியாவின் தனிநபர் வருமானம் குறைவு. அரசுகளின் மொத்தக் கடன் அதிகம். வருவாயில் பெரும்பங்கு வட்டிக்கே போகிறது. இவை கற்பனைகள் அல்ல. ஆனால் அவர்களுடைய தராசும் பிழையற்றதல்ல. 1997இல் தென்கொரியாவை உயர்தரத்தில் வைத்திருந்துவிட்டு, நெருக்கடி வெடித்ததும் சில வாரங்களில் பத்துப் படிகள் இறக்கினார்கள். 2008 நெருக்கடியில், உயர்தர முத்திரை பெற்ற அமெரிக்க வீட்டுக்கடன் பத்திரங்கள் கூட்டம்கூட்டமாக வீழ்ந்தன. அந்த முத்திரைக்குக் கூலி கொடுத்தவர்கள் பத்திரத்தை விற்றவர்களே. 2011 ஆகஸ்டில் அமெரிக்க அரசின் தரத்தை ஸ்டாண்டர்ட் அண்ட் புவர்ஸ் இறக்க முனைந்தபோது, கணக்கில் 2 லட்சம் கோடி டாலர் பிழை இருப்பதை அமெரிக்கக் கருவூலம் சுட்டிக்காட்டியது. நிறுவனம் கணக்கைத் திருத்தியது, தீர்ப்பைத் திருத்தவில்லை. அதன்பின் உலக முதலீட்டாளர்கள் அஞ்சி ஓடிப் புகலடைந்தது அதே அமெரிக்கப் பத்திரங்களில்தான். ஒரே இறக்கம் ஏழைக்குக் கதவடைப்பாகவும் செல்வருக்குச் செய்தித்தாள் துணுக்காகவும் முடிகிறது.

*

இதுவரை சொன்னது, வெளியார் எழுதும் எழுத்துக்கு எதிரான வழக்காகத் தோன்றக்கூடும். இலங்கையின் கதை அந்த வழக்கைச் சிக்கலாக்குகிறது.

இலங்கை 2005இல் முதன்முதலாகத் தரம் பெற்றது. போர் நடந்துகொண்டிருந்த 2007 அக்டோபரில் 50 கோடி டாலருக்குத் தன் முதல் பன்னாட்டுப் பத்திரத்தை வெளியிட்டது. அடுத்த பத்தாண்டுகளில் இப்படிப் பத்திரம் மேல் பத்திரம். சலுகை வட்டியில் உதவிக்கடன் வாங்கிய நாடு, சந்தை வட்டியில் டாலர் வாங்கும் நாடாக மாறியது. 2019 தேர்தலுக்குப் பின் மதிப்புக் கூட்டு வரி 15 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அடுத்து பெருந்தொற்று வந்தது. சுற்றுலா வருவாய் நின்றது. 2020 செப்டம்பரில் மூடிஸ் ஒரே அடியில் இரண்டு படிகள் இறக்கியது. கொழும்பு அரசு அதனை ஏற்க மறுத்தது. மதிப்பீட்டாளர்கள் நாட்டின் வலிமையை அறியாதவர்கள் என்பதே அதன் பதிலின் சாரம். தில்லி முன்பும் பின்பும் சொன்னதும் ஏறத்தாழ அதையே. ஆனால் இம்முறை எழுத்துச் சொன்னது சரியாக இருந்தது.

2022 ஜனவரி 18 அன்று 50 கோடி டாலர் பத்திரத் தவணை வந்தது. எரிபொருளுக்கும் மருந்துக்கும் டாலர் இல்லாத நேரம். கட்டவேண்டாம், கடனை மறுசீரமைக்கப் பேசுங்கள் என்று பொருளியலாளர்கள் பலர் சொன்னார்கள். நாட்டின் பெயர் கெடக்கூடாது என்று மத்திய வங்கி கட்டியது. ஏப்ரல் 12 அன்று வெளிக்கடன் செலுத்துவதை நிறுத்துவதாக இலங்கை அறிவித்தது. சுதந்திர இலங்கையின் முதல் கடன் தவறுதல். செப்டம்பரில் கொழும்பு விலைவாசி முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 70 விழுக்காடு உயர்ந்திருந்தது. அதற்கு முன்பே, மார்ச் மாதத்தில், மன்னார்ப் பகுதியிலிருந்தும் வடக்கிலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் படகேறித் தனுஷ்கோடியை அடைந்து மண்டபம் முகாமில் சேரத் தொடங்கியிருந்தன. குண்டுக்கு அஞ்சி வந்தவர்களை முன்பு கண்ட கரை, விலைவாசிக்கு அஞ்சி வந்தவர்களை இப்போது கண்டது. கடன் கொடுத்தவர்களோடு மறுசீரமைப்பு பேசி முடிய 2024 டிசம்பர் வரை ஆயிற்று.

1991இன் இந்தியாவும் 2022 ஜனவரியின் இலங்கையும் ஒரே காரியத்தையே செய்தன. இருந்ததையெல்லாம் திரட்டி, பெயரைக் காத்தன. ஒன்றில் அது மீட்சியின் தொடக்கமாயிற்று. மற்றதில் கடைசி டாலரும் கைநழுவிப் போன நாளாயிற்று. வேறுபாடு நாணயத்தில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. இந்தியா தங்கத்தை அடகு வைத்தபோதே பன்னாட்டு நிதியத்தின் கதவைத் தட்டி, கொள்கையையும் மாற்றத் தொடங்கிவிட்டது. இலங்கை தவணையைக் கட்டிக்கொண்டே, கணக்கைத் திறந்து பார்ப்பதைத் தள்ளிப்போட்டது.

ஆகவே 'தருவாரா' என்ற ஐந்தாம் கேள்விக்குள் ஆறாம் கேள்வி ஒன்று மறைந்திருக்கிறது: தருவதற்காக யாருடைய சோற்றிலிருந்து எடுப்பார்? முன்பணத்தைக் கழிக்க ஒரு நெசவாளர் தன் குழந்தையின் படிப்பை நிறுத்தித் தறியில் உட்கார வைத்தால், முதலாளியின் குறிப்பேட்டில் அவர் நாணயமானவராகவே பதிவாவார். குழந்தையின் பெயர் அக்குறிப்பேட்டில் வராது. தரப் பட்டியல் கடன் கொடுத்தவருக்காக எழுதப்படுவது. அவருக்குப் பணம் திரும்புமா என்பதே அதன் கேள்வி. அதற்காக அதனைக் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கான விடையை ஒரு நாட்டின் நலனுக்கான விடையாக நாமே எடுத்துக்கொள்ளும்போது பிழை நம்முடையதாகிறது. தரம் உயர்ந்தால் கொண்டாடுவதும், இறங்கினால் சதி என்று கூவுவதும் அந்தப் பிழையின் இரு முகங்கள்.

லூயிஸ் டாப்பனின் தகவலாளிகள் ஒரு கடைக்காரரைப் பற்றிப் பத்தி எழுதினார்கள். அதில் முன்முடிவுகள் இருந்தன, வம்பும் இருந்தது. என்றாலும் அதில் ஒரு குடும்பம் தென்பட்டது. தேசங்களின் எழுத்துக்குப் பின்னேயும் நூறு பக்க அறிக்கைகள் உள்ளன. அவற்றைப் படிப்போர் சிலர், எழுத்தை மட்டும் பார்ப்போர் பலர். நம் அரசுகளின் வரவு செலவு அறிக்கைகளைப் பொறுத்தவரையும் நிலைமை இதுவே. வெளியார் நம்மை எப்படி அளக்கிறார்கள் என்பதில் நமக்கிருக்கும் பதற்றத்தில் ஒரு பங்காவது, நம் கணக்கை நாமே வாசிப்பதில் இருக்கவேண்டும். 1991இன் தங்கமும் 2022இன் படகுகளும் யாரும் எச்சரிக்காததால் வந்தவை அல்ல. எச்சரிக்கை எண்களாக இருந்தபோது அவற்றை வாசித்தவர்கள் குறைவாக இருந்ததால் வந்தவை.